கல்விக்கூடத்திற்கும் பட்டறைக்கும் இடையே ஒரு மதில்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். துவாக்குடிக்கு அருகில் வாடகைக் கொட்டகை ஒன்றில் வெல்டிங் பட்டறை நடத்துகிறார். ஏழு பேருக்கு வேலை கொடுக்கிறார். நலம் விசாரித்தபின் சற்று நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தவர், மெல்லக் கேட்டார்: "ஹஜ்ரத், வேறு வழியே இல்லாத நெருக்கடியில் வட்டிக்குக் கடன் வாங்குவது கூடுமா?"

இத்தகைய கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. சட்டத்தைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அவர் செய்து கொடுக்கும் உதிரிப் பாகங்கள் தொடர்ந்து திரும்பி வருகின்றன. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பரிசோதனையில் பற்றுக்குள் நுண்ணிய துளைகள் தெரிகின்றன. திரும்பி வந்ததை வெட்டி எடுத்து, மீண்டும் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு முழுவதும் அவருடையது. பணம் வருவது தள்ளிப்போகிறது. கூலி நிலுவையில் நிற்கிறது. ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் அவர் சொன்ன பதில் இதுதான்: "மழைக்காலம் வந்தாலே இப்படித்தான் ஹஜ்ரத். நம் நஸீபு."

நாம் மார்க்கச் சட்டம் கற்றோமே தவிர, உலோகவியல் கற்றோமில்லை. எனினும் மழைக்கு மட்டும் வரும் நஸீபு என்பது நம் மனத்தில் தைத்தது. நம் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் அண்ணன் பொறியியல் கல்லூரியில் உலோகவியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தார். அவரை அந்தப் பட்டறைக்கு அழைத்துச் சென்றோம். ஒரு மாலைப் பொழுது அங்கே நின்று பார்த்தார். பற்றவைக்கும் குச்சிகளின் மேற்பூச்சு காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்றும், அதனால் பயன்படுத்துமுன் அவற்றைச் சூளையில் முந்நூறு டிகிரிக்கு மேல் ஓரிரு மணி நேரம் சுட வேண்டும் என்றும் சொன்னார். பட்டறையில் சூளை இருந்தது, சுடவும் செய்தார்கள். ஆனால் சூளையின் வெப்பமானி பழுதாகிக் கிடந்தது. முந்நூறு என்று அது காட்டியபோது உள்ளே அதில் பாதிதான் இருந்தது. கோடையில் இது பெரிதாகத் தெரியவில்லை. காற்று முழுக்க ஈரம் நிறைந்த ஐப்பசியில் தெரிந்துவிட்டது.

கேள்வி வட்டியைப் பற்றியது. பிழையோ சூளையில் இருந்தது. அந்த வெப்பமானியை மாற்ற ஆன செலவு, அவர் வாங்க இருந்த கடனுக்கு ஒரு மாத வட்டியைவிடக் குறைவு.

நம்மை இன்றும் உறுத்துவது இதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு செய்தி. சில மாதங்களுக்கு முன்பே, யாரிடமாவது கேட்கலாம் என்று ஒரு கல்லூரி வாசல்வரை அவர் சென்றிருக்கிறார். "யாரைப் பார்க்க வேண்டும்? எந்தத் துறை? கடிதம் இருக்கிறதா?" என்று காவலர் கேட்டிருக்கிறார். எந்தத் துறை என்று இவருக்குத் தெரியவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டையுடன் திரும்பி வந்துவிட்டார். விடை மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கேள்வி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. காவலர் தம் கடமையைத்தான் செய்தார். அவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அந்த மதிலைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

நம் ஊரின் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூரிலிருந்து துவாக்குடிவரை சில கிலோமீட்டருக்குள் எத்தனை கல்வியும் தொழிலும் குவிந்து கிடக்கின்றன! மண்டலப் பொறியியல் கல்லூரி 1964இல் தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம். மறு ஆண்டே, 1965இல், செக்கோஸ்லோவாகியா நாட்டின் ஒத்துழைப்புடன் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. 1975இல் பற்றவைப்புக் கலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் பெல் வளாகத்தில் ஏற்பட்டது. இவற்றைச் சுற்றி அரியமங்கலத்திலும் துவாக்குடியிலும் சிட்கோ தொழிற்பேட்டைகளிலும் அவற்றுக்கு வெளியிலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைக்கும் கைத்திறனில் திருச்சித் தொழிலாளிக்கு நாடெங்கும் பெயர் உண்டு. நம் மாணவரின் பட்டறையும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

இந்த இரண்டையும் இணைக்க யாரும் எண்ணவில்லை என்றும் சொல்ல முடியாது. 1986இலேயே, அப்போதைய மண்டலப் பொறியியல் கல்லூரியின் பெயரால், அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்கா ஒன்று துவாக்குடியில் அமைக்கப்பட்டது. டிரெக்ஸ்டெப் என்று அதைச் சுருக்கமாக அழைப்பார்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தமிழக அரசும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து அதை உருவாக்கின. 'ஸ்டார்ட் அப்' என்ற சொல் நாளிதழ்களில் புழங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், நாட்டிலேயே இவ்வகையில் முதலாவதாக எழுந்த சில அமைப்புகளில் ஒன்று நம் ஊரில் இருந்தது. புதிய தொழில் தொடங்க வருவோருக்கு இடமும் பயிற்சியும் வழிகாட்டலும் அங்கே கிடைத்தன. இது நம் ஊர் பெருமைப்பட வேண்டிய முன்மாதிரி.

ஆனால் புதிதாகத் தொழில் தொடங்குபவரின் தேவை வேறு. இருபது ஆண்டுகளாகப் பட்டறை நடத்திக்கொண்டிருப்பவரின் தேவை வேறு. முன்னவர் திட்ட அறிக்கையுடன் வருவார். பின்னவரிடம் அறிக்கை இல்லை. திரும்பி வந்த உருப்படிதான் இருக்கிறது. அவர் வாசல்வரை வந்து திரும்புகிறவர்.

இதன் விளைவைச் சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் திருச்சி கண்ணால் கண்டது. நம் ஊர்ப் பட்டறைகளுள் மிகப் பல, ஒரே ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதலை நம்பி வளர்ந்தவை. அனல் மின்நிலையங்களுக்கான தேவை நாடு முழுதும் குறைந்தபோது அந்த நிறுவனத்தின் பணிகள் குறைந்தன; அதை நம்பியிருந்தவர்களின் கூடங்களில் விளக்குகள் அணைந்தன. வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் இயந்திரங்களை விற்றவர்கள் உண்டு. பற்றவைக்கும் திறன் அவர்களிடமிருந்து போய்விடவில்லை. அதே கையால் வேறு என்ன செய்யலாம், எந்தத் தரச் சான்று வேண்டும், எந்தச் சந்தைக்கு அது போகும் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் நம் திருச்சியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. அந்த வாய்ப்புக்குள் நுழைவதற்கும் புதிய அளவுக் கட்டுப்பாடும், புதிய ஆவணங்களும், புதிய சோதனைகளும் தேவை. ஏழு பேர் வேலை செய்யும் கொட்டகை இவற்றைத் தனியாக எப்படிக் கற்றுக்கொள்ளும்?

இந்த ஊர் கைநழுவவிட்ட மற்றொரு தொழிலையும் நினைவூட்ட வேண்டும். செயற்கை வைரக்கல்லைப் பட்டை தீட்டும் வேலை உறையூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. கல்லை அரக்கால் குச்சியில் ஒட்டி, சுழலும் சாணையில் வைத்து, கண் பார்வையாலும் விரல் நுனியாலும் கோணத்தைக் கணித்துத் தீட்டுவார்கள். ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் அதனால் உண்டார்கள். பிறகு இயந்திரத்தால் தீட்டப்பட்ட கற்கள் சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிந்தன. தீட்டுபவரின் கூலி தேய்ந்தது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அந்தக் கைத்திறனையும் ஓர் எளிய இயந்திரத்தையும் சேர்த்து வைக்க உரிய காலத்தில் முயன்றிருந்தால் தொழில் முழுதும் பிழைத்திருக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. ஆயினும் இயற்பியலும் இயந்திரவியலும் கற்பிக்கும் இத்தனை கல்லூரிகள் நிறைந்த ஊரில், கோணம் கணிக்கும் அந்த விரல்கள் ஓசையின்றி ஓய்ந்தது ஓர் இழப்பு.

இனி, நடந்து பலன் தந்ததையும் சொல்ல வேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவு வாழைக்குப் பெயர் பெற்றது. திருவானைக்காவலைத் தாண்டிக் கிழக்கே உத்தமர்சீலிவரை சென்றால் இருபுறமும் வாழைத் தோப்புகள். திருச்சி வாழைக்காய் மண்டியில் நம் சமுதாயத்தவர் பலருக்கும் இத்தோப்புகளோடு கொடுக்கல் வாங்கல் உண்டு. தார் வெட்டியபின் நிற்கும் மரம் விவசாயிக்குச் சுமை; அதை வெட்டி அகற்றவும் கூலி தர வேண்டும். 1993இல் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. இரகங்களையும் நோய்களையும் ஆராய்வதுடன், அந்தக் கழிவு மரத்திலிருந்து நார் எடுப்பது, தண்டிலிருந்து பானம் தயாரிப்பது, காயை மாவாக்குவது போன்ற முறைகளைச் சிறுதொழில் செய்வோருக்கும் மகளிர் குழுக்களுக்கும் அம்மையம் கற்றுக்கொடுக்கிறது; உரிய ஒப்பந்தத்தின்பேரில் அம்முறைகளை வணிகத்துக்கும் வழங்குகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வாழை நாரின் வலிமையை ஆராய்ச்சி மையம் கண்டுபிடிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் பூத்தொடுக்கும் பெண்களின் மடியில் அந்த நார் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிறது. எந்த மட்டையின் நார் இழுபடும், எது அறுபடும், எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கையால் உரித்ததை இயந்திரத்தால் உரிக்கவும், பூச்சரத்தோடு நின்றதைப் பையாகவும் பாயாகவும் ஆக்கவும் ஆராய்ச்சி வழி காட்டியது. இரண்டு அறிவுகள் சந்தித்தன. அவற்றுள் ஒன்றே மேலானது என்று யாரும் சொல்ல இயலாது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நாம் மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். மதீனாவில் மக்கள் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதை அவர்கள் கண்டார்கள். அதனால் பெரிய பயன் இருக்குமென்று தாம் கருதவில்லை என்ற பொருளில் ஏதோ கூற, மக்கள் அதை விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. செய்தி எட்டியபோது, உலகத் தொழில் விவகாரங்களில் அதைச் செய்து பழகியவர்களே நன்கறிந்தவர்கள் என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். வஹீ பெற்ற தூதரே தோட்டக்காரரின் அறிவுக்கு அதற்குரிய இடத்தைக் கொடுத்திருக்க, முனைவர் பட்டம் பெற்றவர் பட்டறைக்காரரிடம் கேட்டு அறிவதில் என்ன இழிவு இருக்கிறது? பல்கலைக்கழகமும் சிறுதொழிலும் ஒத்துழைக்க வேண்டும் என்று நாம் கூறும்போது, மேலிருந்து கீழே அறிவைக் கொட்டுவதை எண்ணிக் கூறவில்லை. இருவரும் ஒரே பாயில் அமர்வதையே எண்ணுகிறோம்.

நம் முன்னோரிடத்தில் இந்த மதிலே இருந்ததில்லை. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகர். வக்ஃபு சட்டம் பற்றி எழுதிய பேரறிஞர் அல்கஸ்ஸாஃப் (ரஹ்) காலணி தைத்து வாழ்ந்தவர். அவர் பெயரே அத்தொழிலைக் குறிப்பது. ஷாஃபிஈ மத்ஹபின் அல்கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்) பூட்டுச் செய்யும் தொழிலில் கைதேர்ந்தபின் கல்வி கற்க வந்தவர். விற்பவரின் சாமர்த்தியமும் வாங்குபவரின் ஏமாற்றமும் கடைவீதியில் எப்படி நிகழ்கின்றன என்று கண்ணால் கண்டவர்கள் எழுதியதால்தான் வணிகம் பற்றிய நம் சட்ட நூல்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

தமிழகத்திலும் முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இல் தொழிற்பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கியது. பம்புகளும் மோட்டார்களும் இயந்திரங்களும் அங்கே தயாராயின. அந்தக் கூடத்தை ஒட்டியே 1951இல் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. மாணவர் படித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விற்பனைக்குரிய பொருள் உருவானது. கோவையின் பம்புத் தொழிலுக்கு இந்த அண்மை எவ்வளவு துணை நின்றது என்பதை அந்த ஊரார் அறிவார்கள்.

நம் சமுதாயத்துக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு தோல் தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஊர்களில் தலைமுறைகளாக நம்மவர்கள் கையில் இருந்த தொழில் அது. திருச்சி செம்பட்டிலும் தோல் பதனிடும் ஆலைகள் இருந்தன. சென்னையில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தோல் தொழில்நுட்பம் பயிலும் பல்கலைக்கழக மாணவர்களும், ஆராய்ச்சியாளர்களும், ஆலை உரிமையாளர்களும் அங்கே ஓரிடத்தில் சந்தித்தார்கள். 1996இல் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பை அளித்தபோது, சிறிய ஆலைகள் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாத நிலையில் இருந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், குரோமியத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் முறையும், உப்பைக் குறைத்துத் தோலைப் பாதுகாக்கும் முறையும் பல ஆலைகளைத் தாங்கி நிறுத்தின. பாலாற்றுக்கு இழைக்கப்பட்ட தீங்கு இதனால் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். அந்த மண்ணுக்கும் நீருக்கும் நாம் பட்ட கடன் இன்னும் மீதமிருக்கிறது. அறிவோடு முன்பே கைகோத்திருந்தால் அந்தக் கடன் இவ்வளவு ஏறியிருக்காது என்பதே நாம் பெறும் பாடம்.

வேளாண்மைக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1974இல் புதுச்சேரியில் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது. இன்று நாடு முழுதும் அவை பரவியுள்ளன. திருச்சி மாவட்டத்துக்குச் சிறுகமணியில் ஒன்று உண்டு. இலையில் புள்ளி விழுந்தால் விவசாயி அந்த இலையைக் கிள்ளிக்கொண்டு அங்கே போகலாம், கடிதம் கேட்கமாட்டார்கள். வயலுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. பட்டறைக்காரருக்கு மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. பதிவுக்கும் மானியத்துக்கும் கடனுக்கும் அது துணை செய்கிறது. ஆனால் பழுதான உருப்படியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய்க் காட்ட, இலைக்கு இருக்கிற அந்த எளிய வாசல் இரும்புக்கு இல்லை. அதைத் திறக்கக்கூடியவை நம் கல்லூரிகளே.

கல்லூரித் தரப்பின் நியாயங்களையும் நாம் கேட்டிருக்கிறோம். பேராசிரியர்களுக்குப் பாடச்சுமை அதிகம். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. சரிசெய்த சூளைகளை யாரும் எண்ணுவதில்லை. பட்டறைக்காரர்கள் உடனடித் தீர்வு கேட்கிறார்கள், ஆராய்ச்சிக்கு ஆண்டுகள் தேவை என்கிறார்கள். உண்மைதான். எனினும் நம் மாணவரின் சிக்கலுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. பாடப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்ததை அறிந்த ஒருவர் ஒரு மாலை வந்து நின்றால் போதுமானதாக இருந்தது. சிறுதொழில்களின் இடர்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டவையே என்று நாம் கருதுகிறோம்.

தொழில் செய்வோரிடமும் குறை இருக்கிறது. தொழில் இரகசியம் வெளியே போய்விடும் என்ற அச்சம்; கணக்கைக் காட்ட வேண்டியிருக்குமோ என்ற தயக்கம்; "புத்தகம் படித்தவனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்" என்ற இறுமாப்பு. கற்க வருபவரிடம் ஆணவம் இருந்தால் கல்வி சேராது என்று சிறுவயதில் மதரஸாவில் கேட்டதை மறந்துவிட்டோம்.

எல்லாரையும்விட நம்மைப் போன்ற மார்க்கக் கல்வியாளர்களின் குறை பெரிது. வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். வட்டியின் வாசலுக்கு ஒருவரைத் தள்ளிக்கொண்டு போகும் காரணங்களை ஆராய்வதில்லை. நம் முன் வந்த அந்த மாணவருக்குச் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் நம் பதில் சரியாகவே இருந்திருக்கும். அவர் பட்டறை மூடப்பட்டிருக்கும்.

ஆகவே, திருச்சி ஜமாஅத்துகளுக்கும் நம் கல்வி நிறுவனங்களுக்கும் சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, ஜமாஅத் பதிவேடு. திருமணமும் சந்தாவும் எழுதப்படும் அந்தப் பதிவேட்டில், மஹல்லாவில் நடக்கும் தொழில்களுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கலாம். தையல், மசாலா அரைத்தல், பட்டறை, மரவேலை, மண்டி எதுவாயினும் தொழிலின் பெயரும், அவர் இப்போது சந்திக்கும் ஒரே ஒரு சிக்கலும் எழுதப்பட வேண்டும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களின் பெயர்கள் அவசியம் இடம்பெற வேண்டும். அவர்கள் எந்தக் கல்லூரி வாசலுக்கும் செல்வதில்லை. பெண்கள் கல்லூரிகளின் மாணவிகள் அவர்களின் வீட்டுக்குச் செல்ல முடியும்.

இரண்டாவது, இறுதியாண்டுத் திட்டப் பணி. கடைகளில் விலைக்கு விற்கப்படும் திட்ட அறிக்கைகளை வாங்கித் தம் பெயரில் சமர்ப்பிக்கும் மாணவர்கள் பலர் உண்டு. இது பொய்ச் சாட்சியத்துக்கு நிகரானது. மாணவருக்கும் அதனால் எதுவும் தெரியாமல் போகிறது. மேற்சொன்ன பதிவேட்டிலிருந்து ஒரு சிக்கலை எடுத்துக்கொடுங்கள். வணிகவியல் மாணவர் ஒருவர் மசாலாக் கடையின் அடக்கவிலையைக் கணக்கிட்டுக் கொடுக்கட்டும். வேதியியல் மாணவி அந்த மசாலா எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று சோதிக்கட்டும்.

மூன்றாவது, ஒரு வாசல். வாரத்தில் ஒரு மாலை, கடிதமின்றி, தமிழில், எந்தத் துறை என்று தெரியாமலே வரக்கூடிய ஓர் அறையைக் கல்லூரிகள் திறந்து வைக்க வேண்டும். வருபவரை உரிய துறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் இருந்தால் போதும். கிராமங்களுக்குச் செல்லும் விரிவாக்கப் பணியில் நம் ஊர்க் கல்லூரிகளுக்கு நல்ல அனுபவம் உண்டு. தூய வளனார் கல்லூரியின் 'ஷெப்பர்டு' அதற்குச் சான்று. அந்த அனுபவம் தொழிற்பேட்டைப் பக்கமும் திரும்பலாம்.

நான்காவது, எழுத்து. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கக் கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. மாணவர் உழைத்தால் அவருக்கு உரிய கூலி என்ன? புதிய முறை ஒன்று கண்டறியப்பட்டால் இலாபத்தில் யாருக்கு என்ன பங்கு? தொழில் இரகசியத்தை யார் காக்க வேண்டும்? முதலும் உழைப்பும் சேரும் முளாரபா கூட்டு முறையில் இவற்றுக்குத் தெளிவான விதிகள் உண்டு. இவ்வொப்பந்தங்களை எளிய தமிழில் எழுதிக் கொடுக்கும் பணியை ஆலிம்கள் ஏற்கலாம்.

ஐந்தாவது, பைத்துல்மால். வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஜமாஅத்துகள் கடனோடு சேர்த்து ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்: "நட்டம் ஏன் வந்தது?" காரணம் அறியாமல் கொடுக்கும் கடன் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர். காரணத்தை அறிய உரியவரை அனுப்பிவிட்டுக் கொடுங்கள்.

காஜா நகரில் உள்ள ஜமால் முஹம்மது கல்லூரியைக் கடந்து செல்லும்போதெல்லாம் நமக்கு ஒரு நினைவு வரும். 1951இல் ஹாஜி எம். ஜமால் முஹம்மது சாஹிப், ஹாஜி என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு பெருமக்களின் பெயராலும் கொடையாலும் எழுந்த நிறுவனம் அது. அதைப் போலவே தமிழகத்தில் நம் சமுதாயம் நிறுவிய கல்லூரிகள் பலவும் வணிகர்கள் அள்ளிக் கொடுத்த பொருளால் எழுந்தவை. தாங்கள் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களாயினும், அடுத்த தலைமுறை மிதிக்கட்டும் என்று கொடுத்தார்கள். கடை, கல்லூரியைக் கட்டியது. கல்லூரி இப்போது கடையின் படியேறி, "உங்களுக்கு என்ன சிக்கல்?" என்று கேட்பது உபகாரம் ஆகாது, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

கற்ற கல்வி ஓர் அமானிதம். அது தேவைப்படுபவர் மதிலுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே பூட்டி வைப்பது அமானிதத்தைப் பேணுவதாகாது. பயன் தராத கல்வியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

அந்த மாணவர் கடன் வாங்கவில்லை. கூலி நிலுவையைத் தீர்க்கச் சில மாதங்கள் சிரமப்பட்டார். இப்போது உருப்படிகள் திரும்பி வருவது அரிதாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். சென்ற வாரம் ஜும்ஆவுக்குப் பின் சந்தித்தபோது மற்றொரு கேள்வி கேட்டார். பக்கத்துக் கொட்டகைக்காரருக்கும் இதே சிக்கலாம். தாம் கற்றதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த ஒப்பந்தத்துக்கு அவரே தமக்குப் போட்டியாக வந்துவிடக்கூடும். சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். "உங்களுக்குச் சொன்ன அந்த மாணவர் உங்களிடம் என்ன வாங்கினார் தம்பி?" என்று மட்டும் திருப்பிக் கேட்டோம். சிரித்தார். மறுநாள் தம் சூளையைப் பார்க்கப் பக்கத்துக் கொட்டகைக்காரரை அழைத்து வந்ததாகப் பின்னர் அறிந்தோம்.

கற்றதைப் பகிரவும், அறியாததைக் கேட்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.